மார்பகக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு காம்பில் கசிவு: வேலூர்ப் பக்கத்துப் பெண்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

வேலூரில் அறுவை சிகிச்சை வார்டில் 26 வருஷம் செவிலியராக இருந்தவள் நான். மார்பின் பாரம் தாங்காமல் வரும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஓயாத கழுத்து வலி, பிரா பட்டை அழுத்தி அழுத்தித் தோளில் விழுந்த பள்ளம், சித்திரை வெயிலில் மார்புக்கு அடியில் வேர்த்து வேர்த்துப் புண்ணாகிப் போன தோல். ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாள் முழுக்கக் குனிந்து தைக்கிற பெண் வருவாள், குடியாத்தத்திலிருந்து கல்லூரிப் பெண் அம்மாவோடு வருவாள். ஆபரேஷன் முடிந்து போகும்போது முகமே மாறியிருக்கும். பிறகு ஒரு நாள் ஜாக்கெட்டில் ஈரம் தெரியும். அதை யாரிடமும் சொல்லாமல் துணியை அலசிக் காயப் போட்டுவிட்டு, உள்ளுக்குள் பயந்துகொண்டே மாதக்கணக்கில் இருந்துவிடுவார்கள். அப்படி மறைத்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது சின்ன விஷயம். மிச்சம் சிலருக்கு அப்படி இல்லை. என்னிடம் அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதுகிறேன்.

“சிஸ்டர், காம்புல ஏதோ வடியுது. மொதல்ல நான் எதைப் பார்க்கணும்?”

எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த ஆபரேஷனில் பெரும்பாலும் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரமாகவே ஒரு தையல் ஓடும். அங்கிருந்து நேராகக் கீழே ஒரு தையல் இறங்கும். பலருக்கு மார்பு மடியும் இடத்தில் குறுக்காக இன்னொன்றும் இருக்கும். அதனால் கருவட்டத் தையலில் கசிகிற நீர் காம்பின் மேல் வழிந்து, காம்பே ஒழுகுவதுபோலத் தெரியும். “பால் வருது” என்று அழுதுகொண்டு வந்தவர்களில் பலருக்கு அது தையலில் ஊறிய நீர்தான்.

கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் நில்லுங்கள். சுத்தமான வெள்ளை காஸ் துணியால் தையலை ஒருமுறை, காம்பின் நுனியைத் தனியாக ஒருமுறை, மெல்ல ஒற்றி எடுங்கள். எந்தத் துணி நனைகிறது என்று தெரிந்துவிடும். அழுத்திப் பிதுக்காதீர்கள். பிதுக்கினால் ஒன்றும் இல்லாத காம்பிலும் ஒரு சொட்டு வரும். பிதுக்கப் பிதுக்க உடம்பு அதைக் குழந்தை சப்புவதாகவே எடுத்துக்கொண்டு இன்னும் சுரக்கும்.

பிறகு ஒரு தாளில் எழுதி வையுங்கள்: ஒரு பக்கமா இரண்டு பக்கமுமா, என்ன நிறம், வாடை உண்டா, தானாக வருகிறதா, ஆபரேஷன் ஆகி எத்தனையாவது நாள். டாக்டர் கேட்கப்போகிற முதல் ஐந்து கேள்விகளும் இவைதான். போனில் படம் எடுத்து வைத்தாலும் நல்லது. அந்தப் படம் உங்கள் டாக்டருக்கு மட்டும்தான் போக வேண்டும். வீட்டில் எல்லோரும் எடுக்கிற போனாக இருந்தால் காட்டியதும் அழித்துவிடுங்கள்.

“நாலு நாள்தான் ஆகுது. பிராவுல மஞ்சளா, லேசா சிவப்பா கறை பட்டுனே இருக்குது.”

முதல் சில நாட்களில் இது வழக்கம். வெட்டிய இடம் ஆறும்போது நிணநீர் ஊறும், கொஞ்சம் ரத்தம் கலந்திருக்கும். நாளுக்கு நாள் குறைந்து, நிறம் வெளுத்து, இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். குறைந்துகொண்டே வருகிறதா என்பதுதான் கணக்கு. குறைந்தது மறுபடி கூடினாலோ, நின்றது திரும்ப வந்தாலோ காட்ட வேண்டும்.

சிலருக்கு உள்ளே ஊறும் நீரை வெளியே வடிக்கிற ட்ரெய்ன் குழாய் வைத்து அனுப்புவார்கள். 24 மணி நேரத்தில் சேரும் நீர் சுமார் 30 மில்லிக்குக் கீழே வந்ததும் எடுப்பது பல இடங்களில் உள்ள பழக்கம். குழாய் எடுத்த பிறகு உள்ளே நீர் கட்டி, தண்ணீர்ப் பை ஆடுவதுபோலத் தெரிந்தால் ஊசியால் இழுத்து எடுத்துவிடுவார்கள்.

ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. முதல் ஒன்றிரண்டு நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று கல்லுபோல இறுகி, வீங்கி, வலி தாங்காமல் போனால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். விடியட்டும் என்று பார்க்காமல் ராத்திரியோடு ராத்திரியாக 108-ஐக் கூப்பிடுங்கள்.

“பத்து நாள் ஆச்சு. இப்போ சீழ் மாதிரி கெட்டியா வருது, நாத்தம் அடிக்குது.”

அன்றைக்கே காட்ட வேண்டியது இது. கிருமி தொற்று பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தலைகாட்டும். தோல் சிவந்து சூடாக இருக்கும், வலி கூடும், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் சீழ் பிடிக்கும். சீழைக் கொஞ்சம் எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற பரிசோதனைக்கு, அனுப்பிவிட்டு மருந்து தொடங்குவதுதான் முறை. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே மூன்று நாள் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு வந்தால், கல்ச்சரில் கிருமி சிக்காமல் போகலாம்.

நேர்த்தையலும் குறுக்குத் தையலும் சந்திக்கிற முனை கொஞ்சம் விட்டுப்போய்க் கசிவது அடிக்கடி நடப்பது. பார்க்கப் பயமாக இருந்தாலும், பெரும்பாலும் கட்டு மாற்றி மாற்றிப் போட்டாலே மூடிவிடும். உள்ளே கரைய வேண்டிய தையல் நூல் கரையாமல் தோலை முட்டிக்கொண்டு வெளியே வருவதும் உண்டு. சின்னப் பரு மாதிரி வந்து உடைந்து துளி நீர் கசியும், அந்த நூலை எடுத்ததும் ஆறிவிடும். நீங்களாக இழுக்காதீர்கள்.

“ரெண்டு மாசமா ஆறவே மாட்டேங்குது. மாத்திரை போட்டா அடங்குது, விட்டா மறுபடி வடியுது.”

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பல பெண்கள் மாதக்கணக்கில் அலைவது இதனால்தான்.

ஆபரேஷன் புண் ஆறியதுபோல இருந்து, மூன்று நான்கு வாரம் கழித்துத் தழும்பின் மேல் சின்னச் சின்ன முடிச்சு கிளம்பும். அது உடைந்து தண்ணியாகவோ வெள்ளையாகவோ ஒழுகும். பெரிய காய்ச்சல் இருக்காது. சாதாரண கல்ச்சரில் “கிருமி வளரவில்லை” என்று ரிப்போர்ட் வரும். காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த, தண்ணீரிலும் மண்ணிலும் இருக்கிற சில கிருமிகள் இப்படிச் செய்யும். சரியாகச் சுத்தம் செய்யாத கருவி வழியாகவோ குழாய்த் தண்ணீர் பட்டோ அவை உள்ளே போகலாம். நம் நாட்டில் துளை போட்டுச் செய்கிற வயிற்று ஆபரேஷன்களுக்குப் பிறகும் இதைப் பார்க்கிறோம். இரண்டே நாளில் மூடிவிடுகிற கல்ச்சரில் இவை பிடிபடாது. ஒரு வாரத்துக்கும் மேலே வைத்துப் பார்க்க வேண்டும். அதனால் டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: “காசநோய் வகைக் கிருமிக்கும் சேர்த்து அனுப்பினீங்களா டாக்டர்?” கேட்பதில் தப்பே இல்லை. இந்தத் தொற்றுக்கு மருந்தும் வேறு, காலமும் மாதக்கணக்கு. மார்பிலேயே காசநோய் வருவதும் நம் பக்கம் உண்டு என்பதால் அதையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

“காம்பு கறுத்துப்போச்சு. ஓரத்துல தண்ணி விடுது.”

காம்பை மேலே தூக்கி வைக்கும்போது அதற்கு ரத்தம் கொண்டுபோகிற சதைத் துண்டோடுதான் நகர்த்துவார்கள். அந்த ரத்த ஓட்டம் குறைந்தால் காம்பு முதலில் நீலம் பாரிக்கும், பிறகு கறுக்கும். சர்க்கரை, புகைப் பழக்கம், மிகப் பெரிய மார்பு இருந்தால் வாய்ப்பு கூடுதல். நிறம் மாறத் தொடங்கிய அன்றே போனால் தையலைத் தளர்த்திக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. போன் செய்து கேட்டுக்கொண்டிருக்காமல் நேரில் போங்கள்.

“மூணு மாசம் கழிச்சு எண்ணெய் மாதிரி மஞ்சளா வந்துச்சு. உள்ள ஒரு கட்டியும் தட்டுது.”

கொழுப்பு செத்துப்போனால் அப்படி ஆகும். ஆபரேஷனில் ரத்த ஓட்டம் போன கொழுப்புத் துணுக்குகள் உருகி எண்ணெயாகித் தழும்பின் வழியே வெளியேறும், அல்லது உள்ளேயே இறுகிக் கட்டியாக நிற்கும். கெடுதல் செய்யாது. ஆனால் கையால் தொட்டால் புற்றுக் கட்டிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் ஊசி வைத்துப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

“எனக்குக் கல்யாணமே ஆகல. ரெண்டு காம்புலயும் பால் வருது. வெளிய சொன்னா என்ன நினைப்பாங்க?”

இந்தக் கேள்வியைக் கேட்டபோது அந்தப் பெண் தலை நிமிரவே இல்லை. அவள் அம்மா சந்தேகத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவிடம் சொன்னதையே எல்லா அம்மாக்களுக்கும் சொல்கிறேன்: பால் வந்தால் கர்ப்பம் என்று அர்த்தமில்லை. கர்ப்பமே ஆகாத பெண்ணுக்கும் பால் வரும்.

காம்புக்கு உணர்ச்சி கொடுக்கிற நரம்பு முக்கியமாக நான்காவது விலா எலும்பு ஓரமாக வருகிறது. குழந்தை சப்பும்போது அந்த நரம்பு வழியாகத்தான் மூளைக்குச் சேதி போகிறது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி உடனே ப்ரோலாக்டின் என்ற ஹார்மோனை விடுகிறது, பால் சுரக்கிறது. ஆபரேஷனில் அதே நரம்புகள் சீண்டப்படுகின்றன. ஆறுகிற புண்ணும் அதே சேதியை அனுப்பலாம். மார்பில் அக்கி வந்தவர்களுக்கும் நெஞ்சில் அடிபட்டவர்களுக்கும்கூட இதே காரணத்தால் பால் வருவதுண்டு. மார்பகக் குறைப்புக்குப் பிறகு இது அபூர்வம், ஆனால் மருத்துவம் அறிந்த விஷயம். சில சமயம் பால் வெளியே வர வழியில்லாமல் உள்ளே தேங்கித் தையலைப் பிரித்துவிடும். அப்போது அதை வடித்துவிட வேண்டியிருக்கும்.

நரம்பு மேல் பழி போடுவதற்கு முன்னால் மாத்திரைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வாந்திக்குக் கொடுக்கிற பெரிநார்ம், அதாவது மெட்டோகுளோப்ரமைடு, ப்ரோலாக்டினைக் கூட்டும். டோம்பெரிடோனும் அப்படியே. கேஸ் மாத்திரை என்று நம் ஊரில் காலை வெறும் வயிற்றில் போடுகிற சில கேப்சூல்களில் லெவோசல்பிரைடு சேர்ந்திருக்கும். அதைப் போட்டுப் பால் வந்த பெண்களை ஆபரேஷன் எதுவும் இல்லாமலேயே நிறையப் பார்த்திருக்கிறேன். அட்டையின் பின்பக்கம் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். மனநல மாத்திரைகளில் ரிஸ்பெரிடோன் போன்றவையும் இப்படிச் செய்யும். ஆனால் மனநல மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது, கொடுத்த டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

தைராய்டு குறைவாக இருந்தாலும் பால் வரும். கல்யாணமானவர்களோ ஆகாதவர்களோ, டாக்டர் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை எழுதினால் கோபப்படாதீர்கள். அது எல்லோருக்கும் எழுதுகிற முதல் படி. ப்ரோலாக்டின் ரத்தப் பரிசோதனைக்குத் தூங்கி எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் போங்கள். மார்பைப் பரிசோதித்த கையோடு ரத்தம் கொடுக்காதீர்கள், அளவு பொய்யாகக் கூடும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் 25 நானோகிராமுக்குள் இருக்க வேண்டும். அலைச்சலாலும் பதற்றத்தாலும் கொஞ்சம் ஏறும். வேறு காரணம் தெரியாமல் அளவு கூடியே இருந்தால் பிட்யூட்டரியில் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். அந்தக் கட்டியும் பெரும்பாலும் காபர்கோலின் மாத்திரைக்கே சுருங்கிவிடும். மாதவிலக்கு நின்றுபோனாலோ, தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வை மங்கினாலோ எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப் போடாதீர்கள்.

பால் கொடுப்பதை நிறுத்திச் சில மாதங்களே ஆனவர்களுக்கு இரண்டு பக்கமும் துளித்துளியாகப் பால் இருப்பது இயல்பு. அதனால்தான் பால் மறந்து ஆறு மாதமாவது கழித்து ஆபரேஷனுக்கு வரச் சொல்கிறோம்.

“மல்லிப்பூ வெச்சுக் கட்டினா பால் நின்னுடும்னு ஆயா சொல்றாங்க.”

ஆயா சொல்வது வெறும் பேச்சு இல்லை. பிரசவித்த பெண்களுக்கு மார்பில் மல்லிகையை வைத்துக் கட்டியும், பால் வற்றுவதற்கான ப்ரோமோக்ரிப்டின் மாத்திரை கொடுத்தும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்றை நம் வேலூரிலேயே செய்து 1988-ல் வெளியிட்டார்கள். ப்ரோலாக்டினை மாத்திரைதான் அதிகம் குறைத்தது, ஆனால் பால் வற்றுவதிலும் பால் கட்டிய மார்பு தளர்வதிலும் பூவும் மாத்திரைக்கு ஈடாகவே இருந்தது. எனக்கு அந்தச் சேதி இன்றைக்கும் சந்தோஷம் தருவது.

ஆனால் அந்தப் பெண்களின் மார்பில் ஆறாத தையல் இல்லை. மார்க்கெட்டில் தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்த பூவைப் பச்சைப் புண் மேல் கட்டினால், நான் மேலே சொன்ன தண்ணீர்க் கிருமிக்கு நாமே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. தையல் முழுக்க ஆறும்வரை பூ, மஞ்சள், வேப்பிலை, விளக்கெண்ணெய், முட்டைக்கோஸ் இலை எதுவும் வேண்டாம். டாக்டர் சொன்ன கட்டும், இறுக்காத பருத்தி பிராவும் போதும். அக்னி நட்சத்திரத்தில் கட்டு வேர்வையில் நனைந்தால் அப்படியே விடாமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

“ஒரே ஒரு காம்புல, ஒரே துளையில ரத்தம் வருது. ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் ஆச்சு.”

தையலெல்லாம் ஆறிய பிறகு, ஒரு பக்கத்தில், ஒரே துளையில், அழுத்தாமல் தானாக ரத்தமோ, தண்ணீர் மாதிரித் தெளிந்த நீரோ வந்தால் அதை ஆபரேஷன் கணக்கில் எழுதாதீர்கள். இதைப் புதுப் பிரச்சினையாகவே பார்க்க வேண்டும். பால் குழாய்க்குள் வளரும் பாப்பிலோமா என்ற மரு மாதிரியான சதைதான் பெரும்பாலும் காரணம், அது புற்று இல்லை. ஒரு பகுதியினருக்குப் புற்றாக இருக்கிறது, அதுவும் பல சமயம் ஆரம்ப நிலையில். ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுக்கிற அறிகுறியை வீணாக்கிவிடக் கூடாது. 40 வயதுக்கு மேல் மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரேயும் ஸ்கேனும், இளம் வயதில் முதலில் ஸ்கேன். வலி இல்லையே என்று விட்டுவிடுகிறார்கள், அதுதான் என்னை வருத்துவது. புற்றின் தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது.

இன்னொன்று. ஆபரேஷனில் வெட்டி எடுத்த சதையைப் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். அந்த ரிப்போர்ட்டைப் பல பேர் வாங்குவதே இல்லை. தையல் பிரிக்கப் போகும்போதே கேட்டு வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

“பச்சையா, பழுப்பா வருதே?”

பால் குழாய் விரிந்து பழைய சுரப்பு தேங்கினால் அந்த நிறம் வரும். 40, 50 வயதில் அதிகம், இரண்டு பக்கமும் பல துளைகளில் வரலாம். ஒருமுறை காட்டி உறுதி செய்துகொண்டால் போதும்.

“ஆம்பள டாக்டர் கிட்ட காட்டக் கூச்சமா இருக்குது. அதான் வரல.”

இந்த ஊரின் மருத்துவமே அந்தக் கூச்சத்திலிருந்து பிறந்ததுதான். 1890-களில் திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவத்தில் துடிக்கிற தங்கள் மனைவியைப் பார்க்க, அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. டாக்டரான தன் அப்பாவை அனுப்புகிறேன் என்றார். ஆண் பார்க்கக் கூடாது என்று மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அவர் போய் டாக்டருக்குப் படித்துவிட்டு 1900-ல் வேலூருக்கு வந்தார், 1902-ல் பெண்களுக்கென்று மருத்துவமனை திறந்தார், 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். இன்றைக்கு இங்கே பெண் டாக்டர்களுக்குக் குறைவில்லை. சீட்டுப் போடும் இடத்திலேயே “லேடி டாக்டர் வேணும்” என்று கேளுங்கள். ஆண் டாக்டர்தான் பார்க்கிறார் என்றால், பக்கத்தில் ஒரு சிஸ்டர் நிற்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

“நாளைக்குக் குழந்தை பொறந்தா பால் வருமா?”

பலருக்கு வரும், குழந்தைக்கு முழுக்கப் போதுமா என்பதுதான் கேள்வி. காம்புக்கு அடியில் உள்ள சதையையும் குழாய்களையும் சேர்த்தே நகர்த்தியிருந்தால் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. காம்பை முழுக்க எடுத்து ஒட்டவைத்திருந்தால் குழாய்களெல்லாம் அறுந்திருக்கும், அந்த வழியில் பால் கொடுப்பது பெரும்பாலும் நடக்காது. எந்த முறை என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். பிரசவம் பார்க்கிற டாக்டரிடம் முன்கூட்டியே அதைக் காட்டுங்கள்.

பிரசவமாகி மூன்றாம் நாள் வாக்கில், குழாய் அறுந்த பகுதிகளில் பால் கட்டிக் கல்லாக நிற்கும். வெளியே வர வழியில்லாததால் சில நாளில் தானாக வற்றிவிடும். காய்ச்சலோ சிவப்போ வந்தால் மட்டும் காட்டுங்கள். பால் போதுகிறதா என்று மார்பைப் பார்த்துச் சொல்ல முடியாது, குழந்தையைப் பாருங்கள். முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். பத்துப் பதினான்கு நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். எடை ஏறவில்லை என்றால் மேல்பால் சேர்க்கலாம். அதற்காக எந்த மாமியாரும் மருமகளைக் குத்திக் காட்டக் கூடாது. முதுகு ஒடியாமல் பிள்ளையைத் தூக்கி வளர்ப்பதற்கும் சேர்த்துத்தான் அவள் அந்த ஆபரேஷன் செய்துகொண்டாள்.

“என் தம்பிக்கு மார்பு பெருசா இருந்து எடுத்தாங்க. அவனுக்கும் கசியுது.”

தையலில் கசிந்தால் மேலே சொன்னதே பொருந்தும். காம்புத் துளையிலிருந்து ரத்தம் வந்தால், ஆணாக இருந்தாலும் தாமதம் வேண்டாம்.

“யார் கிட்ட போறது? என்னென்ன எடுத்துனு போகணும்?”

முதலில் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே. உள்ளே எதை எங்கே வைத்துத் தைத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். வெகுதூரத்தில் செய்துகொண்டவர்கள், போளூரிலோ ஆரணியிலோ வாணியம்பாடியிலோ இருந்தால், அவசரத்துக்குப் பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போகலாம். வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அடுக்கம்பாறையில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளும், கறை பட்ட கட்டுத் துணி ஒன்று பிளாஸ்டிக் பையில், கடைசி மாதவிலக்குத் தேதி. அன்று காலை பவுடர், கிரீம் எதுவும் மார்பில் போடாதீர்கள், முன்பக்கம் திறக்கிற ஜாக்கெட்டோ நைட்டியோ போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் ஆறிய பிறகு, 40 வயதைத் தாண்டியவர்கள் ஆபரேஷன் ஆகி ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் ஒரு மேமோகிராம் எடுத்து வையுங்கள். தழும்பும் இறுகிய கொழுப்பும் படத்தில் எப்படித் தெரிகின்றன என்பதற்கு அதுவே அடையாளம். அடுத்த வருஷம் எடுக்கிறவர் அதோடு ஒப்பிட்டுத்தான் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்ப்பார். எடுக்கும்போது குறைப்பு ஆபரேஷன் செய்ததை மறக்காமல் சொல்லுங்கள்.